தொழிற்பயிற்சிக்கு அரசிடம் பணம் கேட்பது எப்படி: அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் வழி

2020 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள சான் அன்டோனியோ நகரில் அதிபர் தேர்தலுக்கு வாக்களிக்கப் போனவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. விற்பனை வரியில் ஒரு டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் வீதம் தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கலாமா? நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் சம்மதித்தார்கள். இதனால் வரி ஏறவில்லை. அதுவரை நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக்கும் ஓடையோரப் பாதைகளுக்கும் போய்க்கொண்டிருந்த அதே எட்டில் ஒரு சென்ட், சில ஆண்டுகளுக்குப் பயிற்சியின் பக்கம் திரும்பியது. அதிலிருந்து கிடைக்கும் என்று போட்ட கணக்கு 15.4 கோடி டாலர்.

இப்படி ஒரு பணம் தானாக வந்துவிடாது. யாராவது கேட்க வேண்டும். யாரிடம், எந்தத் தலைப்பில், எவ்வளவு, எப்போது என்று தெரிந்து கேட்க வேண்டும். லாப நோக்கில்லாத அமைப்புகள் இந்த வேலையை முறையாகச் செய்வதைத்தான் அட்வகசி என்கிறார்கள். பயிற்சி கொடுப்பது ஒரு வேலை. பயிற்சிக்கு அரசு செலவழிக்க வேண்டும் என்று வாதாடுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே அமைப்பு செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய திறமை வேறு, சட்டமும் வேறு.

அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆளைத் தேடும் நிறுவனமே பயிற்சி கொடுக்கலாமே? கொடுக்கின்றன, பெரும்பாலும் ஏற்கெனவே படித்தவர்களுக்கு. பள்ளிப் படிப்போடு நின்ற ஒருவருக்கு இரண்டு ஆண்டு செலவழித்து நர்ஸாக்கினால், அவர் மறுநாளே எதிர்த் தெரு மருத்துவமனைக்குப் போய்விடலாம். அந்தப் பயத்தில் இரண்டு மருத்துவமனைகளுமே கையைக் கட்டிக்கொண்டிருக்கும். கற்க நினைப்பவருக்கோ கட்டணத்தைவிடப் பெரிய இடி, படிக்கிற காலத்தில் இழக்கிற கூலி. இந்த இடைவெளியில்தான் பொதுப் பணம் தேவைப்படுகிறது. பயிற்சி, வேலைதேட உதவி போன்றவற்றுக்கு அமெரிக்கா செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.1 விழுக்காடு. பணக்கார நாடுகளின் வரிசையில் இது கடைசிப் பக்கம்.

பணம் வரும் வழி

மத்திய அரசின் முக்கியமான சட்டம் 2014-இல் வந்தது. தொழிலாளர் புத்தாக்கம் மற்றும் வாய்ப்புச் சட்டம் என்பது பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'வியோவா' என்கிறார்கள். இதன் முதல் பகுதியில் மூன்று தலைப்புகள் உண்டு. 2024 நிதியாண்டில் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 88.6 கோடி டாலரும், இளைஞர்களுக்கு 94.8 கோடியும், ஆலை மூடல் போன்றவற்றால் வேலையிழந்தோருக்கான மாநில மானியமாக 109.6 கோடியும் ஒதுக்கப்பட்டன.

இந்தப் பணம் ஏரித் தண்ணீர் மாதிரி மடை மடையாக இறங்கும். நாடாளுமன்றம் ஒதுக்குகிறது, தொழிலாளர் துறை ஒரு சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கிறது. மாநில ஆளுநர் 15 விழுக்காடு வரை மாநிலம் தழுவிய வேலைகளுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். மீதியில் பெரும்பங்கு உள்ளூர்த் தொழிலாளர் வாரியங்களுக்குப் போகிறது. அங்கேதான் யாருக்கு, எந்தப் படிப்புக்கு, எவ்வளவு என்பது முடிவாகிறது. அந்த வாரியத்தில் பாதிக்கு மேற்பட்டோர் வணிகர்களாக இருக்க வேண்டும். குறைந்தது 20 விழுக்காடு தொழிற்சங்கம் உள்ளிட்ட தொழிலாளர் தரப்பு. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆனாலும் பெரும்பாலான கூட்டங்களில் வெளியாட்களின் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். வாஷிங்டனுக்கு விமானம் ஏறும் முன் இந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை போய் உட்கார்ந்து பார்ப்பது மலிவு, பலனும் அதிகம்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது ஓர் இடத்தில். ஒரு திட்டம் இருக்கலாம் என்று சொல்லும் சட்டம் வேறு, இந்த ஆண்டு அதற்கு இவ்வளவு பணம் என்று சொல்லும் சட்டம் வேறு. முதலாவதைக் கீழவையில் கல்வி, தொழிலாளர் குழுவும் மேலவையில் சுகாதாரம், கல்வி, தொழிலாளர், ஓய்வூதியக் குழுவும் கவனிக்கின்றன. பணம் போடுவது ஒதுக்கீட்டுக் குழு. அதிலும் தொழிலாளர், சுகாதாரம், கல்விக்கான துணைக்குழு. முதல் குழுவின் உறுப்பினரிடம் போய் "நிதியைக் கூட்டுங்கள்" என்று கெஞ்சினால், அவர் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். அவர் கையில் அது இல்லை.

வியோவாவையே பாருங்கள். அது ஒதுக்கீட்டுக்கு அனுமதித்த காலம் 2020 நிதியாண்டோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டம் பணம் போடுவதால் உயிரோடு இருக்கிறது. புதுப்பிக்கும் மசோதா 2024 ஏப்ரலில் கீழவையில் 378-க்கு 26 என்று நிறைவேறியது. டிசம்பரில் ஆண்டிறுதித் தொகுப்பு மசோதாவில் சேர்க்கவும் பட்டது. கடைசி நேரத்தில் அந்தத் தொகுப்பு சரிந்தபோது இதுவும் கூடவே விழுந்தது. இரு கட்சியும் ஒப்புக்கொண்ட விஷயம்கூட இப்படி நழுவும்.

ஒதுக்கீட்டுத் துணைக்குழுவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை தரப்படும், அதற்குள்தான் எல்லாம். அதே பையிலிருந்துதான் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவ ஆராய்ச்சிக்கும், ஏழைப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். பயிற்சிக்கு ஒரு டாலர் கூட்டினால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு டாலர் குறையலாம். அதனால் விவரம் தெரிந்த அமைப்புகள் முதலில் அந்தப் பையின் அளவையே பெரிதாக்கச் சொல்லி, மற்ற துறை அமைப்புகளோடு சேர்ந்து கேட்கின்றன. பங்கு பிரிக்கும் சண்டை அதற்கப்புறம்.

சான் அன்டோனியோவில் நடந்தது

1990 ஜனவரியில் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் அந்த நகரின் தெற்கு சர்சமோரா தெருவிலிருந்த ஆலையை மூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். நகரில் வேலையே இல்லாமல் போய்விடவில்லை. மருத்துவமனைகளில் நல்ல சம்பளத்துக்கு இடங்கள் இருந்தன, தையல் இயந்திரம் ஓட்டியவர்களுக்கு அதற்கான படிப்பு இல்லை. அப்போதிருந்த அரசுப் பயிற்சிகளோ பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடுபவை. அவை கொண்டுபோய் விட்ட வேலைகளும் குறைந்த கூலி வேலைகள்.

காப்ஸ், மெட்ரோ அலையன்ஸ் என்ற இரண்டு மக்கள் அமைப்புகள் இதைக் கையில் எடுத்தன. காப்ஸ் 1974-இல் தொடங்கியது. கத்தோலிக்கத் தேவாலயப் பங்குச் சமூகங்கள்தான் அதன் அடித்தளம். அவர்கள் எடுத்த எடுப்பில் மனு எழுதவில்லை. வீடு வீடாகச் சின்னக் கூட்டங்கள் போட்டு, முன்பு பயிற்சிக்குப் போனவர்கள் ஏன் பாதியில் விட்டார்கள் என்று விசாரித்தார்கள். இன்னொரு பக்கம் முதலாளிகளிடம் போய், ஆள் தயாரானால் எத்தனை பேரை, என்ன சம்பளத்துக்கு எடுப்பீர்கள் என்று எண்ணிக்கையோடு வாக்குறுதி வாங்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நகர மன்றத்திடமும் அப்போதைய மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் போனார்கள். "பணம் கொடுங்கள், வேலை தேடுகிறோம்" என்று கேட்பதற்கும் "வேலை காத்திருக்கிறது, பணம்தான் பாக்கி" என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம்!

1992-இல் ப்ராஜெக்ட் க்வெஸ்ட் உருவானது. சேர்பவர் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் நர்சிங் போன்ற படிப்பில் சேருவார். கட்டணம், புத்தகம், பேருந்துச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. வாரம் ஒரு முறை ஆலோசகரோடு கூட்டம். அதற்கு வந்தே ஆக வேண்டும். கணக்கில் பின்தங்கியவருக்குத் தனி வகுப்பு, கரண்ட் பில் கட்ட முடியாதவருக்கு அவசர உதவி. தலைக்கு ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும் திட்டம் இது. 1,000 டாலர் செலவில் பயிற்சியை முடிக்கும் திட்டங்களுக்கு நடுவில் இதை ஆதரித்துப் பேசுவது சுலபமில்லை.

அதற்கு ஆதாரம் தேவைப்பட்டது. க்வெஸ்ட் அதைத் தேடிக்கொண்டது. விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திட்டம், மறு பாதிக்கு இல்லை என்று வைத்து, இரு தரப்பின் சம்பளத்தையும் ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டார்கள். படிக்கிற தொடக்க காலத்தில் திட்டத்தில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சம்பாதித்தார்கள். படித்துக்கொண்டிருப்பவர் முழுநேரம் வேலை செய்ய முடியாதே. பிறகு கோடு மேலேறி, ஒன்பதாம் ஆண்டில் ஆண்டுக்கு 5,000 டாலருக்கும் அதிகமான வித்தியாசம் தெரிந்தது. பயிற்சித் திட்டங்களில் இவ்வளவு காலம் நிலைத்த பலன் அபூர்வம். 12 மாதத்தில் அறிக்கை கேட்கும் கொடையாளரிடம் மாட்டியிருந்தால் இதே திட்டம் தோல்வி என்று மூடப்பட்டிருக்கும். ஆகவே எந்தக் காலக்கெடுவில் அளக்க வேண்டும் என்று வாதாடுவதும் இந்த வேலையின் ஒரு பங்கு.

அமைப்பு முறையில் இன்னொரு நுட்பம். பயிற்சி நடத்தும் க்வெஸ்ட் தனி நிறுவனம். மேடையேறிக் கேட்கும் காப்ஸ்/மெட்ரோ தனி. அரசுப் பணம் வாங்குகிற கையும் அரசைத் தட்டிக் கேட்கிற வாயும் ஒன்றாக இருந்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்ததும் வாய் மெல்ல மூடிக்கொள்ளும். காப்ஸ்/மெட்ரோ தேர்தல் நேரத்தில் எல்லா வேட்பாளர்களையும் நூற்றுக்கணக்கானோர் முன் நிறுத்தி, க்வெஸ்ட்டுக்கு இவ்வளவு ஒதுக்க வாக்களிப்பீர்களா என்று கேட்கும். பதில் ஆம் அல்லது இல்லை. பேச்சுக்கு நேரம் ஒன்றிரண்டு நிமிடம். எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை; பதில்கள் அவையோர் முன் பதிவாகிவிடும், அது போதும்.

ஆஸ்டினில் கேபிடல் ஐடியா, எல் பாசோவில் அரிபா, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் விடா என்று இதே மாதிரி டெக்சஸின் மற்ற ஊர்களிலும் முளைத்தது.

சட்டம் எவ்வளவு இடம் தருகிறது

"நாங்கள் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனம், அரசியல் பேசக் கூடாது" என்று ஒதுங்குபவர்கள் ஏராளம். பாதி தவறு. வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும் இத்தகைய நிறுவனம் வேட்பாளருக்காகவோ அவருக்கு எதிராகவோ பிரசாரம் செய்யக் கூடாது; அது 1954 முதல் சட்டம். ஆனால் ஒரு மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ சட்டமன்ற உறுப்பினரிடம் பேசலாம். அளவுதான் கட்டுப்பாடு.

அந்த அளவு 'கணிசமாக இருக்கக் கூடாது' என்று மட்டும் பொத்தாம் பொதுவாகச் சொல்லப்பட்டிருப்பதால்தான் பயம் வருகிறது. அதற்கு 1976-இலேயே ஒரு வழி வந்துவிட்டது: படிவம் 5768. ஒரே பக்கம். அதைத் தாக்கல் செய்தால் 501(எச்) பிரிவின் கீழ் எண்ணிக்கையாக வரம்பு கிடைக்கும். அந்த வரியாண்டின் தொடக்கத்திலிருந்தே அது செல்லும். தேவாலயங்களும் தனியார் அறக்கட்டளைகளும் இதைத் தேர்ந்தெடுக்க முடியாது, மற்ற பெரும்பாலானவை முடியும்.

கணக்கு இப்படி. ஆண்டுக்கு 8 லட்சம் டாலர் செலவழிக்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 5 லட்சத்தில் 20 விழுக்காடு, அதாவது 1 லட்சம். அடுத்த 3 லட்சத்தில் 15 விழுக்காடு, 45,000. ஆக 1,45,000 டாலர் வரை மசோதாக்களுக்காகச் செலவிடலாம். இதில் பொதுமக்களைத் தூண்டி "உங்கள் உறுப்பினரை அழையுங்கள்" என்று சொல்லும் வேலைக்குக் கால் பங்குதான், 36,250. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் மொத்த உச்சம் 10 லட்சம் டாலர். வரம்பை மீறினால் மீறிய தொகைக்கு 25 விழுக்காடு வரி. கணக்கு பணத்துக்குத்தான், சம்பளம் வாங்காத தொண்டர்கள் நூறு பேர் போய்ப் பேசினாலும் அவர்களுடைய நேரத்துக்கு மதிப்புப் போடுவதில்லை.

எது இந்தக் கணக்கில் வரும்? "வேலையிழந்தோர் நிதியை வெட்டும் இந்த மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள்" என்பது வரும். "எங்களிடம் சேர்ந்தவர்களில் இத்தனை பேர் முடித்தார்கள், வந்து வகுப்பைப் பாருங்கள்" என்பது வராது. மாநிலத் துறையின் விதிமுறை வரைவுக்குக் கருத்து எழுதுவதும் வராது. வாக்கெடுப்புக்கு வந்த வரித் தீர்மானத்தை ஆதரிப்பது மட்டும் விசித்திரமானது: அங்கே வாக்காளரே சட்டமியற்றுபவர் என்று கருதப்படுவதால், தெருவில் துண்டறிக்கை கொடுப்பதும் நேரடியாக உறுப்பினரிடம் பேசுவதற்குச் சமமான கணக்கில் ஏறும், கால் பங்கு உள்வரம்பு அதைத் தொடாது. சான் அன்டோனியோ மாதிரி வாக்கெடுப்புகளில் இறங்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய வசதி.

தடுக்கி விழும் இடம் வேறு. மத்திய அரசு மானியத்தை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. மானியத்தில் முழுச் சம்பளம் வாங்கும் பயிற்றுநர் ஒருவர் செவ்வாய்க்கிழமை பிற்பகல் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போய் மசோதா பேசிவிட்டு வந்தால், அந்த மூன்று மணி நேரம் வேறு நிதியிலிருந்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நேரப் பதிவேட்டில் அது தனியாகத் தெரிய வேண்டும். தணிக்கையில் அகப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில மணி நேரங்கள்தான்.

கேட்கும் விதம்

மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. சட்டப்படி அதிபர் பிப்ரவரி முதல் திங்களன்று வரவுசெலவுத் திட்டம் தர வேண்டும், பெரும்பாலும் தாமதமாகும். உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை ஒதுக்கீட்டுக் குழுவுக்கு எழுதுவது வசந்த காலத்தில். கோடையில் துணைக்குழு மசோதாவை எடுக்கும். செப்டம்பரில் போய்க் கேட்பவருக்கு அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைக்காது. டெக்சஸ் சட்டமன்றமோ ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் கூடி 140 நாள் நடக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வழக்கமான கூட்டம் இரண்டு ஆண்டு கழித்துத்தான்.

சந்திப்பு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் இருக்க மாட்டார். இருபத்தைந்து வயது உதவியாளர் ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார். ஏமாற்றமடைய வேண்டாம். கோரிக்கைப் பட்டியலைத் தட்டச்சு செய்வதே அவர்தான். நாலு பேர் போனால் போதும்: பயிற்சி முடித்த ஒருவர், அவரை வேலைக்கு எடுத்த முதலாளி, பயிற்சி தரும் ஒருவர், கேள்வியைக் கேட்பவர். இந்த நால்வரில் எடை அதிகம் முதலாளிக்கு. தொண்டு நிறுவனம் பணம் கேட்பது அலுவலகத்துக்குப் பழகிப்போன விஷயம்; தொகுதியில் நாற்பது இடம் காலியாக இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு தொழிற்சாலைக்காரர் சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் பேனாவை எடுப்பார்.

கையில் ஒரே ஒரு பக்கம். அதில் திட்டத்தின் சரியான பெயர், இந்த ஆண்டுத் தொகை, கேட்கும் தொகை, தொகுதியில் என்ன நடக்கும் என்பது. "தொழிற்பயிற்சியை ஆதரியுங்கள்" என்று கேட்டால் "நிச்சயமாக" என்பார்கள், அதற்கு ஒரு பொருளும் இல்லை. "வேலையிழந்தோர் மானியத்தை இந்த ஆண்டுத் தொகைக்குக் குறையாமல் வைக்கச் சொல்லும் கடிதத்தில் உறுப்பினர் கையெழுத்திடுவாரா? எப்போது தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நம்மவர்களே "பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. இரண்டு நாளுக்குள் நன்றியோடு அதே கேள்வியை எழுத்தில் அனுப்ப வேண்டும்.

எண்களில் நேர்மை முக்கியம். சேர்ந்தவர் தொகையை மட்டும் காட்டினால், அனுபவமுள்ள அலுவலகம் முடித்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, அந்த வேலையில் ஓராண்டு கழித்தும் இருப்பவர் எத்தனை என்று கேட்கும். வியோவாவே, ஒருவர் திட்டத்திலிருந்து வெளியேறிய பின் இரண்டாவது, நான்காவது காலாண்டுகளில் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இந்த அளவுகோலுக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: எண்ணிக்கை கெடக் கூடாது என்று சில திட்டங்கள் எளிதில் வேலை கிடைக்கும் ஆட்களையே சேர்த்துக்கொள்ளும், சிறை சென்று திரும்பியவரும் மொழி தெரியாதவரும் வாசலோடு நிற்பார்கள். நல்ல அட்வகசி இதையும் சேர்த்துப் பேசும்.

பொதுப் பணம் என்றாலே புது ஒதுக்கீடு என்று நினைக்க வேண்டியதில்லை. உணவு உதவி பெறுவோருக்கான ஸ்நாப் திட்டத்தில் வேலைவாய்ப்பு, பயிற்சிப் பகுதி ஒன்று உண்டு. கல்லூரியோ தொண்டு நிறுவனமோ மத்திய அரசு சாராத பணத்தில் அப்படிப்பட்டவருக்குப் பயிற்சி கொடுத்தால், மாநிலத்தின் வழியாகப் பாதிச் செலவைத் திரும்பப் பெறலாம். வாஷிங்டன் மாநிலம் 2005-லிருந்து இதைப் பெரிதாக வளர்த்தது. இங்கே வேண்டியது மாநிலத் துறை தன் ஆண்டுத் திட்டத்தில் அந்த நிறுவனங்களைச் சேர்ப்பது. முட்டுக்கட்டை பெரும்பாலும் காகித வேலை: யார் தகுதியுள்ளவர் என்று மாதாமாதம் சரிபார்க்க வேண்டும், ரசீது வைக்க வேண்டும், பணம் பிந்தியே வரும். கையிருப்பு இல்லாத சின்ன அமைப்பு இதில் மூச்சுத் திணறும்.

இப்போதைய வேலை இன்னொரு இடத்தில் குவிந்திருக்கிறது. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை நீண்ட காலமாகக் குறைந்தது 15 வாரப் படிப்புகளுக்கே கிடைத்தது. குறுகிய தொழிற்படிப்புக்கும் தர வேண்டும் என்று பயிற்சி அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தன. 2025 ஜூலையில் சட்டமானது. 2026 ஜூலை 1 முதல் 8 வாரத்துக்குக் குறையாத, 15 வாரத்துக்கு உட்பட்ட, 150 முதல் 599 மணி நேரப் படிப்புகளுக்கும் அது பொருந்தும். நிபந்தனைகள் கடுமை: சேர்ந்தவர்களில் 70 விழுக்காடு முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 விழுக்காடு வேலைக்குப் போயிருக்க வேண்டும், கட்டணம் சம்பள உயர்வுக்கு அடங்கியிருக்க வேண்டும். எந்தப் படிப்பு தேவையுள்ள தொழிலுக்கானது என்று முதலில் சான்று தர வேண்டியவர் மாநில ஆளுநர். அந்தப் பட்டியல் எப்போது, எந்தத் துறையில், யாருடைய தரவை வைத்துத் தயாராகிறது என்று உங்கள் மாநிலத் தொழிலாளர் வாரியத்தின் கூட்டக் குறிப்புகளில் பாருங்கள். கருத்துச் சொல்லக் கொடுத்திருக்கும் கெடு சில வாரங்கள்தான் இருக்கலாம். அங்கே போய்ப் பேசுவது பொதுவாக 501(எச்) கணக்கில்கூட ஏறாது.